கூரையில் ஊற்றிய மஞ்சள்

கூர் நகரத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் மாடு கட்டிய பெரிய கொட்டிலில், இன்றைக்கு என் பொறுப்பில் முப்பத்தெட்டு வீட்டுவண்டிகள் நிற்கின்றன. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற, உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டிகள். இந்த நாட்டு ஆட்கள் வோன்வாகன் என்பார்கள், எங்கள் பிள்ளைகள் கரவன் என்பார்கள். நான் வீட்டுவண்டி என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். டொச்சில், அதுதான் இந்த நாட்டு ஜெர்மன் மொழியில், எது ஆண்பால், எது பெண்பால் என்பது ஐம்பது வயது தாண்டியும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வண்டியின் உள்சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினேன் என்றால், அதற்குப் பின்னால் மரம் உக்கியிருக்கிறதா இல்லையா என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். படித்துப் பத்திரம் எடுத்தவர்கள் ஈரம் அளக்கும் கருவியோடு வந்து, அரைமணித்தியாலம் அங்கும் இங்கும் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் சொன்னதையே சொல்லிவிட்டுப் போவார்கள். குளிர்காலத்துக்கு என்னிடம் விட்ட வண்டி வசந்தத்தில் பூஞ்சணம் பிடித்து வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. தண்ணீர்க் குழாய் முழுவதையும் வடியவிட்டு, பற்றரியைக் கழற்றி, மெத்தைகளை நிமிர்த்தி, அலுமாரிக் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுத்தான் நான் பூட்டுப் போடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன? ஒருவரும் தூக்கிவிட்டு ஏறினவள் இல்லை நான்.

ஒழுக்குப் பிடிப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் தண்ணீர். கூரையில் ஊற்றினால் உள்ளே எந்த வழியால் ஓடி வருகிறது என்று மஞ்சள் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பதினொரு வயதில் நானே கண்டுபிடித்தது என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கதை இதுதான்.

ஐயா, என் அப்பா, எங்களை ஊரில் விட்டுவிட்டு முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர். நாலு வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் அவருக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் லொறி என்ஜினைப் பிரித்துப் பூட்டிய மனிதர், அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் இருக்கும் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். வந்து ஐந்து மாதம். ஐயாவை ஐயா என்று கூச்சமில்லாமல் கூப்பிடவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. படத்தில் பார்த்த ஆளுக்கு இருமல் இருக்கிறது, குறட்டை இருக்கிறது, தலைக்கு வைக்கும் எண்ணெய் மணம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் புதினமான சேதி.

சித்திரை மாதத்தில் பனிச்சறுக்கு ஆட்கள் போய்விட்டால் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். அறைகளையும் சேர்த்துத்தான். திறக்க ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லும். தனி ஆட்கள் எங்கேயாவது கூட்டாளிமாரின் அறையில் சுருண்டுகொள்வார்கள். குடும்பம் எங்கே சுருளும்?

லுசேர்ண் நகரத்தில் மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. அவரும் ஹோட்டல் குசினிதான், ஆனால் சமைக்கிறவர், சட்டி கழுவுகிறவர் இல்லை. அந்த வித்தியாசத்தை அவர் மறக்கவும் மாட்டார், மற்றவர்களை மறக்க விடவும் மாட்டார். அவருக்கும் இருந்தது ஓர் அறை. அதற்குள் மாமியும் இரண்டு பிள்ளைகளும். அம்மாவையும் என்னையும் நெருக்கிக்கொண்டு வைத்திருக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் ஐயா மறுபடியும் தனியே. ஆறு கிழமைதானே என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாலு வருடத்துக்கு முன்னும் 'கொஞ்ச நாள்தானே' என்று சொல்லித்தான் ஐயா பஸ் ஏறினார். எனக்கு அந்தக் கணக்கு நல்லாய்த் தெரியும்.

அந்த நேரம் ஹோட்டல் முதலாளியம்மா, விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காய் நின்ற ஒரு பழைய வீட்டுவண்டியை ஐயாவுக்குக் காட்டினார். செத்துப்போன அவருடைய கணவரின் வண்டி. பூட்டுகிற நாளைக்கு முன் இதை எடுத்துக்கொண்டு போனால் உனக்குத்தான் என்றார். நம்பர்த் தகடு, பத்திர அலுவல் எல்லாம் அவரே பார்த்தார். கூருக்குக் கிட்ட, ரைன் ஆற்றங்கரையில் வண்டிகள் விடும் இடமொன்றில் ஆறு கிழமை நிற்கவும் சொல்லி ஒழுங்கு செய்தார். இழுத்துப்போக மாமாவின் கார் இருந்தது. குறை ஒன்றே ஒன்று. வண்டி ஒழுகியது.

ஐயா காலைச் சட்டிகளை முடித்துக்கொண்டு ஓடிவருவார். டயரோடு சில்லு மாற்றினார், வெளிச்சங்களுக்கு வயர் இழுத்தார், உடைந்த மேசைக்கு விறகுக் கட்டையில் கால் செதுக்கினார். நாலு வருடமாய்ச் சட்டியைத் தவிர ஒன்றையும் தொடாத கைகள் அவை. வேலை செய்யும்போது விசிலடித்தார். ஐயாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

ஆனால் மத்தியான வெயிலில் கூரைப் பனி உருகினவுடன், பின்பக்கக் கட்டிலுக்கு மேலே சொட்டு விழத் தொடங்கிவிடும். ஐயா ஏணியில் ஏறி, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே சிலிக்கோன் பசையைப் பிதுக்கிப் பூசுவார். அடுத்த நாளும் சொட்டும். மூன்று குழாய் சிலிக்கோன் முடிந்தது. விசிலும் நின்றுபோனது.

அம்மா உள்ளே துடைத்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து ஒருநாள் சொன்னார்: "இஞ்சருங்கோ, முன்னுக்கு அந்தக் கூரை யன்னலடியை ஒருக்கால் பாருங்கோவன். அலுமாரிக்குள்ளை பலகை மெத்தெண்டு கிடக்கு."

"ஒழுகிறது பின்னுக்கு. முன்னுக்கு எனக்கென்ன வேலை?" ஐயா ஏணியில் நின்றபடியே சீறினார். "நீர் போய் உம்மடை சோத்தைப் பாரும்."

அம்மா போய்ச் சோற்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பூட்டுவதற்கு இரண்டு நாள் முன்னதாக மாமா காரோடு வந்து இறங்கினார். கையில் நாலு எலுமிச்சம்பழம். புது வண்டி வெளிக்கிடும்போது சில்லுக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா? அம்மாவோ பால் காய்ச்சச் சின்னச் சட்டி ஒன்றைப் பளபளவென்று மினுக்கி வைத்திருந்தார். புது வீட்டுக்குப் போனால் பால் பொங்க வேண்டும் அல்லவா? தொடங்கியது சண்டை.

"அக்கா, சில்லு வைச்ச வீட்டை எங்கையாவது கண்டனீங்களே? இது வண்டி."

"அடுப்பு இருந்தால் அது வீடு. பால் பொங்காமல் நான் உள்ளுக்குப் படுக்க மாட்டன்."

"அப்ப உங்கடை வீட்டுக்கு நம்பர்த் தகடு என்னத்துக்கு?"

"உன்ரை காருக்கை சோறு காய்ச்சுவியோடா? கதையை விடு."

"வீடோ வண்டியோ, முதல் ஒழுகாமல் இருக்கட்டும்" என்றார் ஐயா.

மாமா உள்ளே போய்க் கட்டிலுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். விரல் நனைந்து வந்தது. "அத்தான், ஏலாட்டில் ஏலாது எண்டு சொல்லுங்கோ, வெக்கமில்லை. சட்டி கழுவிறது வேறை, இது வேறை. நாளைக்கு மத்தியானம் பாப்பன். ஒழுகினால் அக்காவையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போயிடுவன்."

ஐயா ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அந்தக் கையில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தநாள் காலையில் அம்மா வாளியோடு வந்தார். உள்ளே மஞ்சள் தண்ணீர். தெளித்தெடுக்க மாவிலைக்குப் பதிலாக ஒரு பைன் கொப்பு. சேலைக்கு மேலே ஐயாவின் குளிர்ச்சட்டை, காலில் ஹோட்டல் றப்பர்ச் சப்பாத்து. அந்தக் கோலத்தில் ஏணியில் ஏறினார். அது இரும்பு ஏணி, அடிக்கு அடி கிறீச்சிடும்.

"என்னப்பா இது? நான் தண்ணியை அடைக்கிறன், நீர் தண்ணியை ஊத்த நிக்கிறீர்!"

"வீட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கோணும். சாமிக் காரியம், குறுக்கை பேசாதையுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ உள்ளை போய்க் கட்டிலிலை படுத்து, மேலை பாத்துக் கும்பிட்டுக்கொண்டிரு. கண்ணை மூடிப்போடாதை."

மாமா காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அக்கா வண்டியைக் குளிக்க வாக்கிறா!"

நான் போய்ப் படுத்தேன். மேலே கொப்பு இரண்டு தரம் தட்டிய சத்தம் கேட்டது. பிறகு சளாரென்று வாளியோடு ஊற்றிய சத்தம். எல்லாம் முன்பக்கத்தில். நான் கண்ணை மூடாமல் கும்பிட்டேன். எங்களைப் பிரிக்காதே பிள்ளையாரே, ஐயாவின் குறட்டை போய்விடக் கூடாது பிள்ளையாரே என்று கும்பிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்க அலுமாரிக்கு மேலே, கூரைப் பலகைகள் பொருந்துகிற இடத்தில், நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது மெதுவாய் நீண்டது. பொருத்து வழியே ஊர்ந்து ஊர்ந்து முழு வண்டியையும் கடந்து, எனக்கு நேர் மேலே வந்து, திரண்டு, சரியாய் என் நெற்றியில் விழுந்தது.

"ஐயா! மஞ்சள்! மஞ்சள் நடந்து வருது!"

ஐயா பாய்ந்து வந்தார். கோட்டைப் பார்த்தார். விரலை வைத்து, கட்டிலிலிருந்து முன்பக்கம் வரைக்கும் அதைத் தடவிக்கொண்டே போனார். அலுமாரியைத் திறந்து பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"கண்டுபிடிச்சிட்டன்!" ஐயா போட்ட சத்தத்தில் விறகுக் கொட்டிலிலிருந்து காகங்கள் எழும்பின. "முன்னுக்குப் பூந்து, உள்ளாலை ஓடி, பின்னுக்கு வடியுது! வண்டி பின்பக்கம் சரிஞ்செல்லோ நிக்குது, அதுதான்!"

வெளியே ஏணி கிறீச்சிட்டது.

ஐயா கூரை யன்னலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மிச்சமிருந்த அரைக்குழாய்ச் சிலிக்கோனை வைத்துப் பொருத்தினார். மத்தியானம் வெயில் ஏறியது, பனி உருகியது. மாமா பத்து நிமிடம் கட்டிலில் படுத்துக்கிடந்து பார்த்துவிட்டு எழும்பி வந்தார். "அத்தான், நீங்கள் இஞ்சினியர்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பால் பொங்குவதைவிட அதிசயம். பாலும் பொங்கியது, அடுப்பும் அணைந்தது. எலுமிச்சம்பழமும் நசுங்கியது. வீடும் ஆச்சு, வண்டியும் ஆச்சு. மலைப்பாதையில் இறங்கும்போது நான் காரின் பின்யன்னலால் எங்கள் வீட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நாங்கள் திரும்பின பக்கமெல்லாம் அதுவும் திரும்பி எங்களுக்குப் பின்னால் வந்தது.

ஆறு கிழமையும் மூன்று பேரும் அதற்குள் இருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. ஒரு மனக்குறை மட்டும் எனக்கு இருந்தது. கறியெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்தூளை, இங்கே கிடைக்காது என்று அம்மா விரல்நுனியால் தொட்டுத் தொட்டுத்தான் பாவித்து வந்தார். அன்றைக்கு வாளிக்குள் முழுப் பொட்டலமும் போயிருந்தது.

"ஏனம்மா எல்லாத்தையும் கொட்டினனீங்கள்?"

"கை தவறிப் போச்சு, பிள்ளை. சாப்பிடு."

அந்த ஒழுக்கை யார் கண்டுபிடித்தது என்பதில் ஐயாவுக்கும் எனக்கும் அவர் சாகும்வரை வழக்கு. கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் ஐயா அந்தக் கதையைத் தொடங்குவார். "மஞ்சளை முதல் கண்டது நான்" என்று நான் எழும்புவேன். "கண்டது நீ, விளங்கினது நான்" என்பார் அவர். அம்மாவிடம் தீர்ப்புக்குப் போவோம். அவர் இருக்கும்போது, "ஓம், ஐயாதான்" என்பார். நான் தனியே கேட்டால், "ஓம், நீதான்."

போன ஐப்பசியில் ஒரு மனிதர் தன் வண்டியைக் குளிர்காலத்துக்கு விட வந்தார். ஓய்வு பெற்றவர். கூரையில் சூரியத் தகடு பூட்டி, புது பற்றரி போட்டு, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டினார். மனைவி பின்னால் பேசாமல் நின்றார். நான் பெருவிரலை வைத்தேன், விளங்கிவிட்டது. அவர் தகட்டுக்குத் துளைத்த ஓட்டையால் தண்ணீர் இறங்குகிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவருடைய கையைக் கண்டேன். நகக்கண்ணில் காய்ந்த சிலிக்கோன்.

"எங்கடை ஆக்களிட்டை ஒரு வழக்கம் இருக்கு" என்று என்னுடைய உடைந்த டொச்சில் தொடங்கினேன். "புதுசாய் வாற வண்டிக்கு மஞ்சள் தண்ணி ஊத்துவம், நல்லதுக்கு. நீங்கள் உள்ளை போய்க் கொஞ்சம் மேலை பாத்துக்கொண்டு இருங்கோ."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. யாருடைய பேச்சை நான் பேசிக்கொண்டிருக்கிறேன்? வாளியைக் கையில் வைத்துக்கொண்டு என் கொட்டிலின் நடுவே அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். அந்த மஞ்சளை வேண்டுமென்றுதான் கொட்டினீர்களா என்று அன்று பின்னேரமே கேட்டேன். "அதுதானே சொன்னனான், கை தவறிப் போச்சு" என்றுவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என் தாயின் கை தவறி ஒரு உப்புக்கல் கூடியதை நான் கண்டதில்லை.

நெற்றியில் மஞ்சளோடு கட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளைக்கு, தான்தான் முதலில் கண்டேன் என்ற பெருமைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வாளி வெறுமையாகி வெகுநேரம் சென்றிருந்தது. ஐயா "கண்டுபிடிச்சிட்டன்" என்று கத்தும்வரைக்கும் ஏணி கிறீச்சிடவே இல்லை. அந்தக் குளிரில், வெறும் வாளியோடு, அம்மா அவ்வளவு நேரமும் ஏணி உச்சியில் எதற்காக அசையாமல் நின்றார் என்று அவள் கேட்கவில்லை.