ஒரு காது உனக்கு

இயர்போனின் ஒரு முனையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் நீட்டுகிறாள் சுலோச்சனா. திருத்தணி நிலையத்தை விட்டு மின்ரயில் இன்னும் அசையக்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவள் பழகியவளா, இன்றைக்குத்தான் ஏறியவளா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. "இந்தாம்மா, இத்த வெச்சிக்கோ. ரெண்டு நிமிசந்தான். புடிக்கலன்னா கழட்டிக் குடுத்துடு." பிடிக்கவில்லை என்று ஒருத்தியும் கழற்றியதில்லை என்பது பெண்கள் பெட்டியில் அவள் அடித்துக்கொள்ளும் பெருமை. ஓரிருவர் கழற்றியதுண்டு. அவர்களுக்கு அன்றைக்குத் தலைவலி என்று அவளே முடிவுகட்டிவிடுவாள்.

அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறை வெட்டி, பொத்தானை இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அங்கே போனைத் தொட முடியாது. ஆகவே போகும் வழியும் வரும் வழியும்தான் அவளுடைய கச்சேரி.

அவள் போனில் பாட்டுகளைத் தேடினால் கிடைக்காது. எல்லாம் படங்களின் பின்னணி இசை. வசனம் ஓய்ந்து, ஒருவரும் பேசாமல் நிற்கிற இடத்தில் வருமே, அந்தத் துண்டுகள். படத்திலிருந்து அதை மட்டும் வெட்டி எடுக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். எந்தப் படம், யார் இசை என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "அந்தப் பொண்ணு கடசி பஸ்ஸ உட்டுட்டு மழயில நிக்கும் பாரு, அப்ப ஒரு புல்லாங்குழலு வரும். அது." அவ்வளவுதான் அடையாளம். தியேட்டருக்குப் போனால் முக்கியமான காட்சியில் கண்ணை மூடிக்கொள்வாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கூட்டம் எழுந்து போகும். இவள் மட்டும் கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு வரும்வரை அசைய மாட்டாள்.

"பாட்டுல வார்த்த வந்துட்டா அது அவங்க கத. வெறும் மியூசிக்குன்னா நம்ம கதய அதுல வெச்சிக்கலாம்" என்பாள். இதை அவள் எங்கும் படிக்கவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து பல வருடம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவள். அங்கே ரேடியோ நாள் முழுக்கப் பாடும். தறிகள் போடும் கூச்சலில் வார்த்தை ஒன்றும் காதுக்கு வந்து சேராது. எப்போதாவது ஒரு குழலோ வயலினோ மட்டும் இரைச்சலுக்கு மேலே தலைதூக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நூல் அறுந்த இடங்களை முடிந்தாள்.

யாருக்கு எது என்று தேர்ந்தெடுப்பதில் அவள் ஒரு வைத்தியர். மாமியாரோடு சண்டை போட்டு வந்தவளுக்குப் பறையும் தவிலும் கலந்து அதிரும் ஒன்று. மகளுக்கு வரன் தகைந்தவளுக்கு வீணை. ஆடிக் கிருத்திகைக்கு வந்து திரும்பிய ஒரு தெலுங்குக்காரம்மாவுக்கு, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, கூட்டத்தில் நின்றபடியே ஒரு முனையைக் காதில் செருகிவிட்டாள். அந்தம்மா கண்ணை அகல விரித்து, "பாகுந்தி, சால பாகுந்தி" என்று தன் மொழியில் மெச்சி, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, இதுக்கு தமிழும் வேணாம் தெலுங்கும் வேணாம்" என்று பெட்டியெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள் சுலோச்சனா.

போன வருடம் மணவூரில் அம்சா ஏற ஆரம்பித்தாள். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். கணவன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட, முதல் முறையாக வெளிவேலைக்குக் கிளம்பியவள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருப்பாள். சுலோச்சனா நீட்டியபோது, "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லிங்க" என்று ஒதுங்கினாள். மறுநாளும் அதே பதில். அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. சுலோச்சனா காரணம் கேட்காமல் ஒரு முனையைத் துடைத்து நீட்டினாள்.

"படத்துல ஒரு அம்மா, வீட்ட காலி பண்ணி சாவியக் குடுத்துட்டு தெருவுல நடந்து போவா. அப்ப வர்றது இது. பயப்படாத, அழ வெக்காது. அழுது முடிச்சப்புறம் வர்ற மியூசிக்கு."

அம்சா வாங்கிக்கொண்டாள். திருவள்ளூர் வரும்வரை கழற்றவில்லை. அங்கே இறங்கும்போது துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாள் ஏறியதும் சுலோச்சனாவின் இடது பக்கம் வந்து உட்கார்ந்து, தானாகவே கையை நீட்டினாள். அன்றிலிருந்து இடது முனை அம்சாவுக்கு, வலது முனை இவளுக்கு.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் ஜன்னல் ஒழுகியது. அம்சா வலது பக்கம் மாறி உட்கார, இடது முனை சுலோச்சனாவின் இடது காதுக்குப் போனது. ஒன்றும் கேட்கவில்லை. உதறினாள், ஊதினாள், ஒயரைத் திருகினாள். அடுத்த நாளே ரயிலில் சார்ஜர், கர்ச்சீப் விற்கும் வேணுவிடம் புதிது வாங்கினாள். அதிலும் இடது பக்கம் ஊமை. வேணு மறுபடி பெட்டிக்குள் வந்தபோது பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா இப்பிடி ஏமாத்திட்ட? ஒரு பக்கம் பாடவே மாட்டுது!"

வேணு இரண்டு முனையையும் தன் காதுகளில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் கணீர்னு பாடுதேக்கா!"

"பொய் சொல்லாத நைனா."

வாக்குவாதம் முற்றுவதற்குள் அம்சா அவரிடமிருந்து இயர்போனை வாங்கினாள். ஊமை என்று சொல்லப்பட்ட அந்த இடது முனையைச் சுலோச்சனாவின் வலது காதில் வைத்தாள். தெளிவாக வயலின் வந்தது.

"ஒயரு நல்லாத்தான் கீதுக்கா" என்றாள் அம்சா, மெதுவாக.

சுலோச்சனா வேணுவைப் பார்த்து, "தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத" என்றாள். பிறகு இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

அரக்கோணத்தில் காது டாக்டரிடம் அம்சாதான் அழைத்துப்போனாள். பல வருட இரைச்சலில் நரம்பு தளர்ந்துவிட்டது, இடது காது இனித் திரும்பாது, வலதும் குறைய ஆரம்பித்திருக்கிறது என்றார் அவர். "காதுக்குள்ள வெச்சிக் கேக்கறத இன்னியோட நிறுத்திடுங்கம்மா."

"எவ்ளோ நாளைக்கு சார்?"

"நாள் கணக்கு இல்லம்மா. இருக்கறதக் காப்பாத்திக்கணும்."

வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் மெல்ல வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் ஆறுதலும் சொன்னார். சுலோச்சனா தலையாட்டினாள். வெளியே வந்ததும் அம்சாவிடம், "நான் ஒண்டியா கேட்டு இன்னா பண்றது?" என்றாள். இரண்டு பேரும் பூக்கடை நிழலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

அதன் பிறகு அவள் வெறுங்கையோடு ரயிலேறினாள். கேட்டவர்களிடம் போன் ரிப்பேர் என்றாள். பெட்டியில் பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, காய் நறுக்குகிறவர்கள் நறுக்கினார்கள். ஆனாலும் வழக்கமாக வருகிறவர்கள் இவள் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். வாங்கிக் கேட்டுப் பழகிய காதுகள். அம்சா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிடவில்லை. இவள் பக்கமே உட்கார்ந்து, இவளோடு சேர்ந்து சும்மா இருந்தாள்.

இப்படிப் பல நாள் போனது. ஒரு திங்கட்கிழமை, வண்டி மணவூரை விட்டதும் சுலோச்சனா பைக்குள் கையை விட்டாள். இயர்போன் வெளியே வந்தது. அம்சா பதறினாள்.

"அக்கா, டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஆங், எனக்கு சொன்னாரு. உனக்கா சொன்னாரு?"

இரண்டு முனையையும் துடைத்தாள். ஒன்றை அம்சாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை எதிர்ப் பலகையில் சோர்ந்து உட்கார்ந்திருந்த, பெயர் தெரியாத ஒரு நர்சிடம் நீட்டினாள். "இந்தாம்மா, நைட் டூட்டி பாத்துட்டு வர்றியா? வெச்சிக்கோ."

"அப்ப உனுக்கு?" என்றாள் அம்சா.

"நான் போட்டுக் குடுக்கறவ. நீங்க கேக்கறத பாத்தா போதாதா?"

புதிது ஒன்று வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு ஸ்பீக்கருக்கு நல்ல காதைக் காட்டி உட்கார்ந்து, படத்திலிருந்து வெட்டியெடுத்தது. திரையைத் தொட்டு ஓடவிட்டாள். முதலில் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு மெல்லிய தந்தி ஒலி. நர்ஸ் புரியாமல் இவளை நிமிர்ந்து பார்த்தாள். அம்சாவும் பார்த்தாள். கடம்பத்தூருக்கு முன்னால் தண்டவாளம் மாறும் இடம், பெட்டி கடகடவென்று ஆடியது. சுலோச்சனாவின் காதில் இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அவள் இரண்டு முகங்களையும் பார்த்தபடி, 'பொறு' என்பதுபோல் உள்ளங்கையைக் காற்றில் நிறுத்தினாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெல்லக் கீழே இறக்கினாள். அவள் கை மடியில் வந்து அமர்ந்த அந்த நொடியில், அம்சாவின் காதில் புல்லாங்குழல் தொடங்கியது.