பனியில் பாய்ச்சல் விட்டவள்

என் தங்கை ஜப்பானில் பனியில் குதிரை ஓட்டுகிறாள். ரங்கூனில் எனக்கு வயிறு எரிகிறது. பூசி மெழுகிப் பேச எனக்கு வராது, விஷயம் இவ்வளவுதான்.

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், காலையில் அவளுடைய வீடியோ அழைப்பு வந்துவிடும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாலாவது மாடியில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். கரண்ட் இருக்காது. அம்மா கரியடுப்பை விசிறிக்கொண்டிருப்பாள். நான் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அப்போது பார்த்து, போனுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு ஊர் வந்து நிற்கும். நடுவில் மூக்கு சிவந்து என் தங்கை, பக்கத்தில் மூச்சில் ஆவி பறக்க ஒரு செம்பழுப்புக் குதிரை.

"அக்கா, இங்க பாரேன், முழங்கால் வரைக்கும் நின்!" என்று கத்துவாள்.

"பாத்தேன் பாத்தேன். தண்ணி வர்ற நேரம், போனை வை" என்பேன். ஆனால் நான் வைக்க மாட்டேன். அவள் காட்டுவதையெல்லாம் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வைப்பேன், அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

இந்த 'நின்' என்ற பர்மியச் சொல்தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. விடிகாலையில் புல் நுனியில் நிற்கிறதே, அது நின். ரயில் தண்டவாளத்தையே மறைத்துக்கொண்டு கிடக்கும் மூட்டம், அதுவும் நின். வடக்கே மலை உச்சியில் உறைந்து கொட்டுவதும் நின்தான். பர்மியர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை, தமிழிலும் எல்லாம் பனிதானே. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு முதல் இரண்டுதான் தெரியும். மூன்றாவதைக் காலண்டர் படத்தில் பார்த்திருக்கிறேன்.

குதிரையில் முதலில் ஏறியது நான். ஊருக்கு வெளிப்புறம் ஒரு சவாரி மைதானத்தில் எனக்கு வேலை கிடைத்தது. லாயம் கூட்டுவது, தீனி வைப்பது, வாடிக்கையாளர் வருமுன் விடிகாலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குவது. இரண்டு வருஷம் கழித்துத் தங்கையையும் நான்தான் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டேன். அவளுக்குச் சேணத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். என் வாயால் நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்வேன்: அந்த மைதானத்தில் என்னைப்போல் ஓட்ட ஆள் கிடையாது. தங்கை பயந்தாங்கொள்ளி. புல் ஈரமாக இருந்தால் கீழே இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வருவாள். "குதிரை உன்னைச் சுமக்குதா, நீ அதைச் சுமக்குறியாடி?" என்று கேலி செய்வேன்.

அப்போதுதான் ஜப்பானின் வடகோடி ஹொக்கைடோவிலிருந்து ஒரு குதிரைப் பண்ணை முதலாளி ஆள் எடுக்க வந்தார். வேண்டியது ஒரே ஆள். மைதானத்தில் இரண்டு பேரும் ஓட்டிக் காட்டினோம். என் ஓட்டத்தைப் பார்த்து அவர் கைதட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பிறகு ஊர் நடுவே கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கேள்வி பதில். அவர் ஜப்பானியத்தில் கேட்பார், ஒரு பர்மியப் பெண்மணி அதைப் பர்மியத்தில் எங்களுக்குச் சொல்வார்.

"நின்ல குதிரை ஓட்டினதுண்டா?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரங்கூனில் மார்கழி முழுக்க நின்தானே! "வருஷா வருஷம் அதுதானே என் வேலை. நின் இறங்கினா குதிரைக்கே குஷி வந்துடும். ஒரே பாய்ச்சல்ல விடுவேன்" என்றேன்.

"ஜாக்கிரதையா இருக்க என்ன செய்வே?"

"என்ன பெரிய ஜாக்கிரதை? முடிஞ்சதும் ஒரு துணியால கால துடைச்சி விடுவேன், அவ்வளவுதான்."

அந்த மனிதரின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அடுத்துத் தங்கை போனாள். "நின்னுன்னா எனக்குப் பயம். இறங்கி நடத்திட்டுத்தான் வருவேன்" என்றாளாம். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். அதனால்தான் கழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தெருமுனைக் கடை மொகிங்கா மீன்குழம்பு நூடுல்ஸுக்குக் கும்பிடு போட்டேன். சோற்றைப் பாதியாக்கினேன். "எதுக்குடி இப்படி வத்திப் போறே?" என்று அம்மா புலம்பினாள். அங்கே தங்கை பனியில் நின்று படம் அனுப்பிக்கொண்டிருந்தாள், இங்கே நான் பட்டினி.

போன குளிர்காலத்தில்தான் உண்மை தெரிந்தது. ஒருநாள் போனில் அவள் பின்னால் அந்த முதலாளி நின்று என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, இங்க உனக்கு ஒரு பேரு இருக்கு தெரியுமா? பனியில பாய்ச்சல் விட்டவ. புதுசா யார் வந்தாலும் உன் கதையைத்தான் சொல்றாங்க. இந்த நின்ல பாய்ச்சல் விட்டா குதிரை காலும் மிஞ்சாது, நம்ம கழுத்தும் மிஞ்சாது. நீ புல்லுப் பனியச் சொல்லியிருக்கே, அவங்க கொட்டற பனின்னு எடுத்துக்கிட்டாங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரு வார்த்தையால் கெட்டேன். ஒரே ஒரு வார்த்தை! என்னைக் கழிக்க வைத்தது என் உடம்புமில்லை, என் ஓட்டமுமில்லை. என் பங்கைத்தான் அவள் தின்றுகொண்டிருக்கிறாள் என்று இத்தனை நாள் சும்மா கரித்துக்கொட்டினேன், இப்போது அதற்குக் காரணமே கிடைத்துவிட்டது. பயந்தாங்கொள்ளி என்று நான் எதைக் கேலி செய்தேனோ, அதற்கே அவளுக்கு வேலை!

அவளுக்குக் கொஞ்சம் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. முதலாளியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டாள். அவர், "இங்கே ஓர் இடம் காலியானால் உன் அக்காவுக்குத்தான்" என்றாராம்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அடுத்த முறை கேட்டால் பதில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, அவள் வாயைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். அவளும் மறைக்காமல் சொன்னாள். குளம்புக்குள் பனி புகுந்து கட்டிக் கட்டியாக இறுகிக்கொள்ளும், குதிரை குதி உயர்ந்த செருப்புப் போட்டவள்போல் தள்ளாடும். அதனால் கிளம்புமுன் குளம்பின் அடியில் கெட்டிக் கொழுப்பைத் தடவ வேண்டும். லாடத்தில் சின்னச் சின்ன ஆணி முனைகள் மாட்ட வேண்டும். கடிவாள இரும்பை அப்படியே குதிரை வாயில் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதைக் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றித்தான் மாட்ட வேண்டும். பாய்ச்சலெல்லாம் கிடையாது, நெடுநேரம் நடை, அப்புறமும் நடைதான். எந்தப் பக்கம் போகிறோம் என்று லாயத்தில் ஓர் ஆளிடம் சொல்லாமல் கிளம்பவே கூடாது. வழுக்கும் என்று தோன்றினால் அங்கவடி வளையத்திலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குதிரை விழும்போது கூடவே மாட்டிக்கொள்வோம். திரும்பி வந்ததும் வியர்வை உலரும்வரை கம்பளி போர்த்தி நடத்த வேண்டும்.

இத்தனையையும் ரங்கூன் வெயிலில் பழகினேன் என்றால் நம்புவீர்களா? கொதிக்கிற கடிவாள இரும்பை உள்ளங்கையில் வைத்துச் 'சூடேற்றினேன்'. மைதானத்துக் குதிரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எல்லாம் பாடம். ஆனால் இடம் காலியாக வேண்டுமே? ஒவ்வொரு அழைப்பிலும் சுற்றிச் சுற்றிக் கேட்பேன். "உங்க லாயத்துல ஒரு நேபாளப் பையன் ஊருக்குப் போறேன்னானே, போயிட்டானா?" "இல்லக்கா." "உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்குதாடி? ரொம்ப மெலிஞ்சிட்டே, வந்துடேன்." நான் எவ்வளவு அன்பாகக் கேட்டேன் என்று பாருங்கள்.

இந்த ஜனவரியில் அவள் விழுந்தாள். ஒன்றையும் விடவில்லை அவள். கொழுப்புத் தடவியிருந்தாள், ஆணி மாட்டியிருந்தாள், சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள், நடையில்தான் போனாள். புதுப் பனிக்கடியில் கண்ணாடிபோல் உறைந்த தண்ணீர் இருந்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம், குதிரைக்குச் சறுக்காதா? காலை அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டதால் தள்ளிப்போய் விழுந்தாள். குதிரைக்கு ஒன்றுமில்லை, இவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கூப்பிட்டாள். அம்மா "ஐயோ என் மகளே!" என்று போனைப் பிடுங்கி அழுதாள். நானும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனசுக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? இடம் காலி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இமைக்கும் நேரம்தான், ஆனால் எது முந்தியது என்று எனக்குத் தெரியும்.

"ஊர் கண்ணெல்லாம் பட்டுப்போச்சு" என்று அம்மா எழுந்தாள். உப்பையும் காய்ந்த மிளகாயையும் என் கையில் திணித்தாள். "எனக்குக் கை நடுங்குது, நீ சுத்து." போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் தங்கை, கட்டுப் போட்ட காலோடு சிரிக்கப் பார்த்தாள்.

நான் சுற்றினேன். அம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். "ஊர் கண்ணு, உறவுக் கண்ணு. நாய்க் கண்ணு, நரிக் கண்ணு. போன கண்ணு, வந்த கண்ணு, கொள்ளிக் கண்ணு." அம்மா நிறுத்திவிட்டாள். போனிலிருந்து தங்கை, "அம்மா, ஒண்ண விட்டுட்டியே" என்றாள்.

குரலில் கோபமில்லை. மைதானத்தில் நான் அவளைக் கேலி செய்வேனே, அதே குரல். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"அக்கா கண்ணு" என்றேன்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "போடு, அடுப்புல போடு" என்று அவசரப்படுத்தினாள். திருஷ்டி இல்லாவிட்டால் மிளகாய் நெடியில் வீட்டில் இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் இருமல் வரவேண்டும், அதுதான் கணக்கு. தணலில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது, மிளகாய் கறுத்துச் சுருண்டது.

நெடியே வரவில்லை.

"எவளோ பாவி நல்லா வச்சிருக்காடி கண்ணு!" என்றாள் அம்மா.