மாற்ற முடியாத எண்

சோளக்காடு சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்தேன். இலவச அடுப்பு தருவதாகச் சொன்ன ஒருவர் என் ஆதார் அட்டையைப் படம் பிடித்து, போன் நம்பரையும் குறித்துக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார். விஷயம் கேட்டுக் கணவர் பதறினார். அன்று முதல், என் பெயரோடு யாரோ எங்கோ நடமாடுவதுபோலவே இருந்தது.

மறுவாரம் இ-சேவை மையத்துக்குப் போனேன். “ஏங்கண்ணு, இந்த ஆதார் நம்பரை மாத்திக் குடுக்க முடியுமா?”

அங்கிருந்த பெண் சிரித்தாள். “முடியாதுங்கக்கா. ஆயுசுக்கும் ஒரே நம்பர்தான். வேற யாரும் பயன்படுத்தாம கைரேகையை வேணா பூட்டி வெக்கலாம். போனுக்கு வர்ற ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லிறாதீங்க.” பூட்டியும் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ் மேகத்துக்குள் மிதப்பதுபோல ஊர்ந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். போன் அடித்தது.

“அடுப்பு வந்திருச்சுங்கம்மா. இப்ப போனுக்கு வந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க.”

சந்தையில் கேட்ட அதே இனிமையான குரல். கனவில் பேசுவதுபோல இரண்டு எண்களைச் சொல்லியும்விட்டேன். சட்டென்று விழிப்பு வந்தது.

“சொல்ல மாட்டனுங்க” என்று வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைத்தான் கொடுக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறேன் என்பதையும் அதன் குறுக்கே எழுதிவிடுகிறேன்.

- ஒரு வாசகி, கொல்லிமலை