கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

வெள்ளிக்கிழமை வழிபாட்டு அன்பர்களுக்கு வணக்கம். இந்தச் சாட்சியை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசினால் பத்தி எண் போட்டுப் பேசுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

1984 அக்டோபரில், விஜயதசமி அன்று காலை, என் அலுவலகக் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விட மறுத்தது. நான் அடித்த பாஸ்வர்டு தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு என்றது. மூன்றாம் முறையும் அடித்தேன். திரையில் ஒரு வரி வந்து நின்றது. என் நுழைவு பூட்டப்பட்டுவிட்டது. தலைமையகத்தை அணுகவும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் நான் உள்ளே போகாவிட்டால் ஒரு பெண்ணுக்கு வீடு இல்லாமல் போகும். அவள் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. முடியாததற்குக் காரணம் நான்.

முறையாகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ரப்பர் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியின் ஈப்போ கிளையில் நான் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். முப்பத்தோரு வருட சேவை. எந்த விண்ணப்பப் பாரத்துக்கு எத்தனை பிரதி, எந்த மையில் கையெழுத்து, எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். விதிகள் என்னிடம் இருந்தன. கோலாலம்பூர் தலைமையகத்தோடு கம்பி வழியாக இணைந்த கம்ப்யூட்டர் வந்தபோது, எங்கள் கிளைக்கான கையேட்டை எழுதியதும் நான்தான். தொழிலாளர் பட்டியலை ஒருவர் மட்டுமே திருத்தலாம் என்று அதில் ஒரு விதி சேர்த்தேன். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

அந்த வருடம் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம் ஒன்று விலைபோனது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் சிறு வீடுகள் தருவதாக ஏற்பாடு. யார் பெயர் பட்டியலில் இருக்கிறதோ அவருக்கு வீடு. பட்டியல் வெள்ளிக்கிழமை நண்பகலில் மூடப்படும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அஞ்சலையின் வீடு அவள் புருஷன் முனியாண்டியின் பெயரில் இருந்தது. முனியாண்டி மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோனான். இறந்தவர் பெயர் பட்டியலில் அடிபட்டுப் போகும். அதற்குள் அஞ்சலையின் பெயரை அந்த இடத்தில் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

புதன்கிழமை, சரஸ்வதி பூஜை. அஞ்சலை இரண்டு பஸ் மாறி, மரணப் பத்திரத்தோடு வந்து நின்றாள். நான் அப்போதுதான் பூஜையை முடித்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் பூஜையும் என் பொறுப்பு. டைப்ரைட்டர், முத்திரைகள், பேரேடுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. புதிதாக வந்த கம்ப்யூட்டரை விட முடியுமா? அதன் விசைப்பலகையில் ஆறாம் எண் விசையின் மேல் சந்தனம் வைத்தேன். எங்கள் கிளையின் எண் ஆறு. ஆறுமுகனின் எண்ணும் அதுதான். இத்தனை பொருத்தம் கிடைத்த பிறகு கை தாராளமாகிவிட்டது. நன்றாகக் குழைத்து, கொழுக்க வைத்தேன்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. சிறு வயதிலிருந்து கடைப்பிடிக்கும் வழக்கம். அதை அஞ்சலையிடம் சொன்னேன். நாளைக்கு வாங்க என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள்.

"சாமிகிட்ட வெச்சதுன்னா நான் என்ன சொல்றது ஐயா. நாளைக்கு வாரேன்" என்றாள்.

கை நிறையச் சுண்டல் கொடுத்து அனுப்பினேன். கருணைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் மறுபடி வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் அறைக் கதவில் 'டிலாராங் மாசோக்' என்று மலாயில் பலகை மாட்டியிருந்தேன், வெளியார் உள்ளே வராதிருக்க. அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். கற்பூரம் காட்டினேன். உட்கார்ந்து பெயரை அடித்தேன், பாஸ்வர்டை அடித்தேன். பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பாஸ்வர்டை மறப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதே என் வேலை. நான் மறக்கவில்லை. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத் தலைமையகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சேகரன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் இந்தச் சேகரன், வேறு கிளையில் ஒரு பெண்ணின் நுழைவு பூட்டிக்கொண்டபோது, அவள் அழுதாள் என்று பாரம் இல்லாமலே போனில் திறந்துவிட்டார். விஷயம் என் காதுக்கு வந்தது. இரண்டு பக்கப் புகார் எழுதினேன். மூன்று பேருக்குப் பிரதி. சேகரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அவரை நான் நேரில் பார்த்தது கூட இல்லை.

"மாத்தினதா ஒண்ணும் பதிவு இல்ல சார். நீங்கதான் மூணு தடவ தப்பா அடிச்சிருக்கீங்க" என்றார். திறந்துவிடுங்கள் என்றேன். "பாரம் வேணும்லா சார். மேனேஜர் கையெழுத்தோட, அசல். எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் போதும்."

குரலில் பகை இல்லை. அதுதான் வலித்தது. எங்கள் மேனேஜர் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊர்ப் பக்கத் தோட்டத்தில் சனிக்கிழமைவரை பார்வையிடப் போயிருந்தார். அவரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் கோலாலம்பூர் சேரும். பட்டியல் மூடுவதோ வெள்ளிக்கிழமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கட்டிய சுவர்தான். நல்ல உறுதியாகவும் கட்டியிருந்தேன்.

வெளியே வந்தேன். அஞ்சலை எழுந்து நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுக் கோப்பு அறைக்குப் போனேன். பூஜைப் படம் அங்கே மாலையோடு அப்படியே இருந்தது.

அன்பர்களே, அதுவரை நான் செய்த பிரார்த்தனைகள் எல்லாம் அலுவலகக் கடிதங்கள். பொருள், பார்வை, கீழ்க்கண்ட மூன்று கோரிக்கைகள், ஆவன செய்யவும். முருகனும் கோப்பில் போட்டு வைத்தாரோ என்னவோ. அன்று எனக்குப் பொருள் வரி வரவில்லை. முருகா, தப்பு என்னுடையது, வீடு அவளுடையது, வழி காட்டு என்றேன். அவ்வளவுதான். கண்ணில் நீர் வந்தது. முப்பத்தோரு வருடத்தில் அலுவலக நேரத்தில் நான் அழுதது அது ஒரு முறைதான்.

ஒளி தோன்றவில்லை. அசரீரி கேட்கவில்லை. அந்தப் புகார்க் கடிதம் மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது, மூன்று பிரதிகளோடு. எனக்குப் பிடிக்காத விடை. ஆனாலும் விடை என்று தெரிந்தது.

மறுபடி போன் போட்டேன். இந்த முறை விதியைப் பற்றிப் பேசவில்லை. அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமை அவளைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். பிறகு, "தம்பி, அன்னைக்கு அந்தப் புகாரை எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

மேனேஜர் எங்கே என்று சேகரன் கேட்டார். ஹுத்தான் மெலிந்தாங் என்றேன்.

"சார், என் வீடு தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர் வர்ற வழியில" என்றார். "அம்மாவுக்கு முடியல, இன்னைக்கு மத்தியானம் லீவு. நாலு மணிக்கு வீட்ல இருப்பேன். நீங்க கையெழுத்து வாங்கி அங்க கொண்டாந்துடுங்க. காலையில ஆபீஸ் போனதும் தொறந்துடறேன். உங்க விதியும் கெடாது, என் வேலையும் போகாது."

காரை எடுத்தேன். அஞ்சலையிடம் நாளைக்கு வாங்க என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை காரில் கொண்டுபோய் விட்டேன்.

ஹுத்தான் மெலிந்தாங் தோட்டத்தில் மேனேஜரைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் சாப்பாட்டின் நடுவே கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. நான் கொண்டுவந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் மனிதர். அங்கிருந்து தெலுக் இந்தான், பீடோர், சிலிம் ரிவர் என்று ஓட்டி, நாலேகாலுக்குத் தஞ்சோங் மாலிமில் ஒரு பலகை வீட்டின் முன் நின்றேன். சேகரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏதும் விட்டுப்போச்சா?"

"மை நீலமா கறுப்பான்னு பாக்கறேன் சார். உங்க புகார் லெட்டர்ல மூணாவது பத்தி அதுதானே."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவருடைய அம்மா, ஈப்போலேர்ந்து வந்தவருக்கு மொதல்ல தண்ணி குடுடா, அப்புறம் மை பாரு என்று குரல் கொடுத்தார். நான் சிரித்தேன். அன்றைக்கு முதல் முறையாக.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. திறந்தாயிற்று. சேகரன் புது பாஸ்வர்டு ஒன்றைச் சொன்னார். கடைசியில் வழக்கம்போலக் கிளை எண் ஆறு. எல்லாப் பாஸ்வர்டும் கிளை எண்ணில் முடிய வேண்டும் என்பது தலைமையகத்தின் விதி. திருடனுக்கு ஒரு எழுத்து மிச்சம். அந்த விதியை நான் எழுதவில்லை.

அஞ்சலை வந்திருந்தாள். கதவருகே பெஞ்சை நோக்கிப் போனவளை நிறுத்தினேன். மூன்று நாளாக அலையவிட்டது போதும் என்று தோன்றியது. என் பலகையைத் தாண்டி உள்ளே அழைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விதி மீறல்தான். தெரிந்தே செய்தேன்.

பெயரை அடித்தேன். புது பாஸ்வர்டை அடித்தேன். தவறு என்றது.

நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தேன். தவறு என்றது.

பாஸ்வர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. எது பிழை என்று பார்க்க வழியில்லை. இன்னொரு முறை தவறினால் மறுபடி பூட்டு, மறுபடி பாரம், மறுபடி ஹுத்தான் மெலிந்தாங். மணி ஒன்பதரை. முருகா, இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டு இதென்ன என்று மனதுக்குள் கேட்டேன்.

"ஐயா" என்றாள் அஞ்சலை.

"என்னம்மா?"

"ஒவ்வொண்ணா அமுக்கறப்ப உள்ளாற டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. கடைசியா ஒண்ணு அமுக்கறீங்களே, அதுல மட்டும் வரல. ரெண்டு தடவையும் வரல."

அந்த டிக் சத்தம் பழகிப்போய் என் காதில் விழுவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். ஆறாம் விசையை அமுக்கினேன். இறங்கியது. சத்தம் இல்லை. எழுந்துவரவும் சோம்பியது.

நான் குனிந்து பார்ப்பதற்குள் அவள் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிவிட்டாள். கோப்பையில் காய்ந்த ரப்பர் பாலை வருடக் கணக்காக நோண்டி எடுத்த கை. விசைக்கு அடியில் ஊக்கின் முனையை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். மஞ்சளாக ஒரு கட்டி வந்தது. பிறகு கொஞ்சம் பொடி. மேலே துடைத்தேனே தவிர, ஈரத்தில் கரைந்து அடியில் இறங்கிக் காய்ந்ததை யார் பார்த்தது?

"சந்தனம்லா இது" என்று அந்தக் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். "சாமிதுங்க ஐயா, கீழ போட்டுடாதீங்க."

ஆறை அமுக்கினேன். டிக் என்றது. அழித்துவிட்டு, பெயரிலிருந்து தொடங்கி மூன்றாம் முறை அடித்தேன். திரை திறந்தது. முனியாண்டியின் பெயர் இருந்த வரியில் அஞ்சலையின் பெயரைப் போட்டேன். அவள் எழுத்துக் கூட்டி அதைப் படித்தாள். ஒன்பதே முக்காலுக்கு வேலை முடிந்தது. இரண்டு நிமிட வேலை, இரண்டு நாள் ஆனது. அந்தச் சந்தனக் கட்டியை நெற்றியில் தேய்த்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அடுத்த வருடம் தைக்குப் பிறகு அஞ்சலையும் இரண்டு மகள்களும் புது வீட்டுக்குப் போனார்கள். பால் காய்ச்சியபோது என்னையும் மனைவியையும் அழைத்தாள். சேகரனும் வந்திருந்தார்.

அதன்பின் நான் கையேட்டில் இரண்டு திருத்தம் செய்தேன். ஒன்று, பூஜையில் கம்ப்யூட்டருக்குப் பூ மட்டும். சந்தனம் மேசைக்கு. இரண்டு, அவசரமாக வந்தவரின் வேலையை முடித்த பிறகே கருவிகளைப் பூஜையில் வைக்க வேண்டும். கதவிலிருந்த பலகையைக் கழற்றிவிட்டேன். புகார் எழுதுவதை முற்றிலும் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். இப்போதெல்லாம் முதலில் போன் செய்கிறேன். போன வருடம் ஓய்வு பெற்றபோது சாவிகளை எல்லாம் பட்டியலிட்டு ஒப்படைத்தேன். முருகனிடம் பேசும் முறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பொருள் வரி இல்லாமல், பத்தி எண் இல்லாமல் பேசுகிறேன். அவர் கேட்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களில் யாருக்காவது இன்று ஏதாவது பூட்டிக்கொண்டிருக்கலாம். நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டி முடித்ததும் எழுந்துபோய், நீங்கள் வெளியே உட்கார வைத்த ஆள் யார் என்று பாருங்கள். உள்ளே அழைத்து நாற்காலி போடுங்கள். எனக்கான விடை நான் வேண்டிக்கொண்டபோதே என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது, தோளில் ஊக்கோடு.