இராஜம் பெயர் வைத்த மரங்கள்

இராஜம் ரப்பர் மரங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். எல்லாம் இங்கிலீசுப் பெயர். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கிற மாரியாயி இதை வேறு மாதிரி சொல்லித் திரிவாள். அந்தப் பெண்ணைக் காத்துக் கருப்பு அடித்து, மரத்தோடு பேசினாள் என்று. பொய். இராஜத்துக்குப் பக்கத்து மரங்களில் பால் வெட்டினவள் நான். எனக்கு எழுத்துத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். நான் சொல்கிறபடியே எழுது.

கேகாலைக்குப் போகிற பாதைக்குக் கீழே, சரிவில் எங்கள் தோட்டம். விடிகிற நேரத்தில் மரங்களுக்குள் பனி இறங்கி நிற்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. கத்தி பட்டையில் இழுபடுகிற சத்தம்தான் கேட்கும். அதற்குள்ளிருந்து இராஜத்தின் குரல் வரும்.

"பில்லோ."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு சருகு மிதிபடும்.

"ஃபீவர்."

மறுபடியும் அமைதி. பால் வெட்டுகிறவர்களுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். பட்டையைச் சாய்வாகச் சீவினோம், போனோம் என்று நகரக் கூடாது. சிரட்டையைச் சரியாக வைத்து, பால் ஊறி வழிந்து, முதல் சொட்டு உள்ளே விழுகிறதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த மரம். இராஜம் சீவும்போது சொல்லைச் சொல்வாள். சொட்டு விழுகிற வரைக்கும் அதன் அர்த்தத்தை மனதுக்குள் வைத்திருப்பாள். பனி கலைகிறபோது எனக்குச் சில நேரம் மரங்கள்தான் பேசி ஓய்ந்தன என்று தோன்றும்.

இந்த ஆசை அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் பிடித்தது. அவளுடைய அம்மா காய்ச்சலில் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இராஜம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள்.

"நர்ஸம்மா வந்தாங்கக்கா. காலடிச் சத்தமே கேக்கல. தண்ணி மேல நடக்கிற மாதிரி வந்து அம்மா நெத்தியில கைய வச்சாங்க. அம்மா அப்படியே தூங்கிருச்சு. எனக்கும் அப்படி நடக்கணும்போல இருக்குக்கா."

அம்மா சுகமாகி லயத்துக்கு வந்துவிட்டாள். இராஜம் பாதிதான் வந்தாள். மீதி அந்த வெள்ளைக் கட்டில்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது.

அரசாங்கத்தில் நர்ஸ் படிக்கப் பிரஜாவுரிமை வேண்டும். இந்தியாவிலிருந்து கூட்டி வந்த தோட்டத்து ஆட்கள் எங்களிடம் அது எங்கே இருந்தது? கொழும்புப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மட்டும் அதைக் கேட்காமல் பெண்களைச் சேர்த்தார்கள். ஆனால் இங்கிலீசில் சோதனை வைப்பார்கள். சொல்லுக்கு அர்த்தம் கேட்பார்கள், ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். அந்த வருசம் விட்டால் இராஜத்துக்கு வயது தாண்டிவிடும். மறு வாய்ப்புக் கிடையாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இராஜம் படித்த இங்கிலீசு எழுத்தோடு நின்றுபோயிருந்தது. சொற்களைக் கொடுத்தவள் நூரியா. சந்தியில் சீத்தைத் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், டவுனில் படித்தவள், இராஜத்தின் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் இருவரும் பழைய வாசிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். திங்கட்கிழமை அந்தச் சொற்கள் மரத்துக்கு வந்துவிடும்.

"இது ஏன்டி ஷோல்டர்?" என்று கேட்டேன்.

"ஷோல்டர்னா தோளுக்கா. பாருங்க, ஒத்தத் தோளத் தூக்கிட்டு நிக்குது, உங்க வீட்டுக்காரரு மாதிரி."

"அது என்னா மெர்சி?"

"இரக்கம்."

"இந்த மரத்துக்கா? நாலு சொட்டு விட்டுட்டு நின்னுருமே."

"அதனாலதான் மறக்காது."

இப்படி அவளுடைய மரங்கள் முழுக்கச் சொல்லாக நின்றன. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றைக்கு அவள் வாசல்படியில் உட்கார்ந்து, சரிவில் நனைந்து நிற்கிற மரங்களைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள்.

சோதனைக்குச் சில வாரம் இருக்கிறபோது பழனிமுத்து கங்காணி விடிகாலையில் ஆள் கூடுகிற பிரட்டில் பேர் கூப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"இராஜம், நாளையிலருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் போ. உன் மரமெல்லாம் கொஞ்ச நாளைக்கு ஓய்வு."

"சோதனை முடியட்டுங்க கங்காணி. அதுக்கப்புறம் மாத்தக் கூடாதுங்களா?"

"பட்டை வளரணும்மா. அந்த மரத்துல உனக்கென்னா, மாமனா மச்சானா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ படிப்பு அதுல இருக்கு கங்காணி."

"மரத்துலயா? அப்ப நீ எந்த மரத்துல படிச்ச சுப்பம்மா?"

"நான் படிச்சிருந்தா உங்ககிட்ட நின்னு இந்தக் கேள்வியக் கேட்டுட்டிருப்பனா?"

பிரட்டில் எல்லோரும் சிரித்தார்கள், கங்காணியும் சிரித்தார். ஆனால் மாற்றவில்லை. என்னையும் அவளோடு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மரங்களில் பால் நன்றாக வந்தது, சொல் வரவில்லை. இராஜம் கத்தியைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்ப்பாள். அது வெறும் மரமாக நிற்கும்.

"சொல்லெல்லாம் அந்தக் கரையிலேயே நின்னுருச்சுக்கா," என்றாள்.

"அப்ப நாம போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றேன்.

வேலை முடிந்து வெயில் சாய்கிற நேரத்தில் ஆற்றைத் தாண்டி அவளுடைய பழைய மரங்களுக்குப் போனோம். ஓய்வு விட்ட மரங்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மனிதச் சத்தம் இல்லை. ரப்பர் காய் வெடிக்கிற காலம் அது. மேலே எங்கேயோ படீரென்று வெடிக்கும், கொட்டைகள் இலைக்குள் உருண்டு விழும். இராஜம் வெறுங்கையோடு மரம் மரமாகப் போனாள். பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவுவாள். சொல் வரும். நிற்பாள். வராத பாலுக்காக நிற்பாள். பிறகு அடுத்த மரம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவள் நடந்ததைப் பார்த்தபோது, அவளுடைய காலடிச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

தினமும் அப்படிப் போனோம். சொற்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். நூரியா ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். இராஜம் ஒரு சொல்லை வாசித்தாள், நிறுத்தினாள். அடுத்ததை வாசித்தாள், நிறுத்தினாள்.

"விக்கலா உனக்கு? ஏன் ஒவ்வொண்ணுக்கும் நிக்கிற?"

இராஜத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பால் விழணும்ல."

நூரியா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சோதனை வைக்க வர்ற நோனாம்மா பால் விழுற வரைக்கும் காத்திட்டிருக்க மாட்டா, இராஜம்."

அவசரமாக வாசித்தால் சொற்கள் ஒன்றோடொன்று மோதின. நிதானமாக வாசித்தால் மறுபடியும் நின்றாள். இருட்டுகிற வரைக்கும் பார்த்தார்கள், சரிவரவில்லை.

கேகாலையில் ஒரு மண்டபத்தில் சோதனை. நான் கூடப் போய் ஜன்னலோரம் விறாந்தையில் குந்தியிருந்தேன். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள நோனா, சேலையில், கண்ணாடி போட்டுக்கொண்டு. முதலில் சொல் கேட்டா. இராஜம் கண்ணை மூடினாள். கட்டைவிரல் எதையோ தடவியது. பதில் சொன்னாள். ஒரு சொல்லுக்கு வெகுநேரம் பேசாமல் நின்றாள். தூரத்து மூலையில் இருக்கிற மரம் போலும். நோனா பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தா. இராஜம் போய்ச் சேர்ந்து பதிலைக் கொண்டுவந்தாள்.

பிறகு வாசிப்பு. நான் பயந்தபடியே நடந்தது. ஒரு சொல், ஒரு நிற்பு. நோனா கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் பேசினா. எனக்கும் அது விளங்கும்.

"இப்படி வாசித்தால் நோயாளிக்கு எப்போது மருந்து கொடுப்பாய், மகள்? இன்னொரு தடவை வாசி. இதுதான் கடைசி."

இராஜம் தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. தோட்டத்தில் அந்த நேரத்துக்கு வெட்டு முடிந்து, வாளியோடு பால் எடுக்கப் போகிற சமயம். அவளுடைய இடது கை மெல்லக் கீழே இறங்கியது. விரல்கள் மடங்கின. வாளியின் பிடியை அந்தக் கை பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பால் எடுக்கிறபோது ஒருவரும் நிற்க மாட்டோம். சிரட்டையைத் தூக்கி, வாளியில் சாய்த்து, விரலால் வழித்துவிட்டு நடந்துகொண்டே இருப்போம். நின்றால் வாளிப் பால் உறைந்துவிடும்.

இராஜம் வாசிக்கத் தொடங்கினாள். சொற்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. ஏதோ ஒரு ஆற்றைப் பற்றிய பக்கமாம், பிறகு சொன்னாள். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் தண்ணீர் ஓடுகிற மாதிரித்தான் இருந்தது. நோனா பென்சிலைக் கீழே வைத்துவிட்டா.

முடிந்ததும் கேட்டா, "இதே வாசிப்பை முதலிலேயே ஏன் வாசிக்கவில்லை?"

"அது வெட்டுற நேரம் நோனா. இது எடுக்கிற நேரம்," என்றாள் இராஜம், சிங்களத்தில்.

நோனாவுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சிரித்துவிட்டு எதையோ எழுதினா.

இராஜத்தை எடுத்துக்கொண்டார்கள். தகரப் பெட்டியோடு பஸ் ஏறிப் போனாள். கங்காணிதான் பெட்டியைச் சந்தி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார், நான் கேட்காமலே.

ஓய்வு முடிந்து அவளுடைய மரங்களை எனக்கு விட்டார்கள். முதல் நாள் பனிக்குள் போய்க் கவிழ்ந்திருந்த சிரட்டைகளை நிமிர்த்தினேன். பட்டை நன்றாக வளர்ந்திருந்தது. பில்லோவில் பால் ஊற்றாக வந்தது. ஷோல்டரும் குறை வைக்கவில்லை. மெர்சி மட்டும் நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுவிட்டது. இருந்தாலும் அந்த முதல் சொட்டு விழுகிற வரைக்கும் நான் அங்கே நின்றேன்.