அடம்பன், சுகம்

ஒஸ்லோவில் காலை பத்து இருபதுக்கு, மன்னார் மாவட்டத்து அடம்பனிலிருந்து என் தங்கை விமலா தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, ஜெனி உங்களோடை கதைச்சவளோ?" நான் வேலைத்தளத்தில் இருந்தேன். எதிரே கணினித் திரையின் மூலையில் என் மகள் ஜெனியின் பெயரும் அதன் கீழே "அடம்பன், சுகம்" என்ற இரண்டு சொற்களும் பச்சையாகத் தெரிந்தன. பக்கத்தில் காட்டிய நேரமும் சற்று முன்னையதுதான். "உன்னோடை வீட்டிலைதானே நிக்கிறாள்," என்றேன். "என்ன கதை இது? விடிய முள்ளிக்குளம் போறன் எண்டு பஸ் ஏறினவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறன் எண்டவள். போனும் வேலை செய்யேல்லை. இஞ்சை நானும் ஆட்டுக்குட்டியும்தான் நிக்கிறம்."

என் தொழிலை ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். நாங்கள் சேர்வர்களைத் தொடுவதில்லை. அவை எந்த மண்டபத்தில் நிற்கின்றன என்பதுகூட எங்களுக்குத் தெரியாது; யாருடையதையோ வாடகைக்கு எடுத்துவிட்டு அதைக் கிளவுட் என்கிறோம். ஒரு சேர்வர் எப்படி இருக்கவேண்டும், அதில் எந்தச் செயலி ஓடவேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். தானியங்கி நிரல் ஒன்று ஓயாமல் வந்து பார்க்கும். எழுதியதற்கு மாறாக ஏதும் இருந்தால் திருத்திவிடும். சேர்வர் செத்துப்போனால் அதே பெயரில் இன்னொன்றை எழுப்பும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுதான ஒன்றை அழித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது அதே பெயரோடு அங்கே இருந்தது. இங்குள்ளவர்கள் அதை நிம்மதி என்கிறார்கள். எனக்கு முதுகு கூசியது.

ஜெனி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழக விடுமுறையில், முள்ளிக்குளத்தில் நாங்கள் விட்டுவந்த காணியைப் பார்க்கத் தனியே போகிறேன் என்றாள். போர் முடிந்து சனம் திரும்பிக் குடியேறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பற்றைகளுக்குள் மிதிவெடி கிடக்கும் என்ற பயத்தை என்னிடமிருந்து எவரும் அகற்றவில்லை. அதனால் அவளுடைய போன் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சிறு செயலி ஒன்றை எழுதிக் கிளவுட்டில் ஓடவிட்டேன். கரையோரத்தில் சிக்னல் அடிக்கடி அறுந்துபோகும். அப்போது திரையில் என்ன காட்டுவது? "அடம்பன், சுகம்" என்று கோப்பில் எழுதினேன். கூட வேலை செய்யும் லார்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "தெரியாது என்று ஒரு நிலை வேண்டாமா?" என்று கேட்டான். "எங்களுக்கு அது தேவைப்படாது," என்றேன். செயலி அவ்வளவு உறுதியானது என்று எடுத்துக்கொண்டு அவன் என்னைப் பாராட்டினான்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? போர்க்காலத்தில் நாங்கள் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போனபின், அண்ணாவைப் பற்றி யாராவது விசாரித்தால் அம்மா "சுகமா இருக்கிறான்" என்பா. அவன் மன்னாரில் எங்கே நின்றான் என்று எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. முகாமில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தெரியாது என்று வாய்விட்டால் ஆள் இல்லாமற் போய்விடுவார் என்பதுபோல. கேட்டவர்களும் "அது காணும், அது போதும்" என்று நடப்பார்கள். அண்ணா இன்றுவரை வரவில்லை. அம்மா கண்மூடும்வரை அவன் சுகமாகவே இருந்தான்.

விமலா போனை வைத்ததும் சேர்வருக்குள் நுழைந்து அந்த வரியைக் கையால் மாற்றினேன். "தெரியாது." சற்று நேரத்தில் திரை அசைந்தது. "அடம்பன், சுகம்." மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தது. சேர்வரையே நிறுத்தினேன். புதியது ஒன்று எழும்பி, எழும்பிய கையோடு சொன்னது: சுகம். நான் எழுதிக்கொடுத்த கோப்பை அது விசுவாசமாக வாசித்துக்கொண்டிருந்தது. கோப்பைத் திருத்தினால் எல்லாம் மாறும் என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே எழுதினால் அதுவே உண்மையாகிவிடும் என்று தோன்றியது. கை போகவில்லை. பின்னால் வந்து நின்ற லார்ஸ், "எத்தனை தரம் விழுத்தினாலும் எழும்புகிறதே, அருமை," என்றான். நான் தலையாட்டினேன்.

விமலா, வயலால் வந்த தன் புருஷனை மோட்டார்சைக்கிளில் பஸ் நிற்கும் உயிலங்குளத்துக்கு அனுப்பிவிட்டு மீண்டும் போன் எடுத்தாள். "அக்கா, உங்கடை திரை இப்ப என்ன சொல்லுது?"

"சுகமாம்."

"எங்கையாம்?"

"உன்ரை வீட்டிலை."

அவள் கதிரையை விட்டெழுந்து அறைக்குள் போகும் சத்தம் கேட்டது. கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்திருப்பாள். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

அங்கே பொழுது சாயும் நேரத்தில், உயிலங்குளத்தில் பஸ்ஸால் இறங்கி, விமலாவின் புருஷனுடைய மோட்டார்சைக்கிளில் ஜெனி வந்து சேர்ந்தாள். முள்ளிக்குளத்துக் கரையில் நின்ற படகொன்றில் ஏறிப் பார்க்கும்போது போன் கடலுக்குள் விழுந்துவிட்டதாம். என் திரை சொன்னது அப்போதுதான் உண்மையாயிற்று. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏசுவதற்கு வாய் திறந்தேன். விமலாவின் போனில் ஜெனி முந்திக்கொண்டாள்.

"அம்மா, எங்கடை காணிக்குப் பக்கத்திலை கொட்டில் போட்டிருக்கிற சனம், சாப்பிட்டுத்தான் போகவேணும் எண்டு விடேல்லை. நீங்கள் எப்ப திரும்பி வாறியள் எண்டு எல்லாரும் கேட்டவை. எனக்கென்ன தெரியும்? வருவா எண்டு சொல்லிப்போட்டன்."