அக்காவுக்கு வந்த அரிப்பு

அரிப்பு முதலில் அக்காவின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் வந்தது. எழுபதுகளின் கடைசி. டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அக்கா, அத்தான், அவர்கள் மகள் ஆகியோரோடு தங்கை நானும் இருந்தேன். எனக்கு டைப்பிஸ்ட் வேலை.

தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. ஆனால் ரத்தம் வரும்வரை சொறிந்துகொள்வாள். தோல் டாக்டர் சிரங்கு என்று சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் களிம்பு கொடுத்தார். போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தோம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை; அவளுக்குப் போகவும் இல்லை. அத்தான் தன் கட்டிலை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். பிளாக்கில் அவளைக் 'குஜ்லிவாலி' என்றார்கள், சொறிக்காரி என்று. நவராத்திரிக்குப் போன வீட்டில் குங்குமத்தைக் காகிதத்தில் தட்டிக் கொடுத்தார்கள். நானும் என் துண்டைத் தனிக் கொடியில்தான் போட்டேன்.

இரண்டாவது வருஷம் அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"அவ கையைப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிருவோம். நீ முன்னால நின்னு கவனிச்சுக்கோ."

நான் மறுக்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

"ஒரு மணி நேரந்தானக்கா. உள்ரூம்ல இருந்துக்கோயேன்."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். "சரி. என் பச்சைப் பட்டைக் கட்டிக்கோ."

மறுநாள் ஈரத்துணியைக் கைகளில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன். காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தேங்காய்நார் மிதியடியில் பாதத்தைத் தேய்க்கிறாள்.

"எலியா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க. இந்தக் குவார்ட்டர்ஸ்ல ஒரே எலித் தொல்லை," என்றேன்.

சத்தம் சட்டென்று நின்றது. அவர்கள் போகும்வரை மறுபடி கேட்கவேயில்லை. கதவைத் திறந்தபோது அக்கா தன் புறங்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. அடுத்த மாதம் அக்காவின் கண் மஞ்சளித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது தோல் வியாதியே இல்லை, ஈரல் என்றார். பித்தம் வடிய வழியில்லாமல் உடம்பில் தங்குவதால் வரும் அரிப்பு, யாருக்கும் ஒட்டாது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

பித்தத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார். இங்கே கிடைக்கவில்லை. என் ஆபீசரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆரஞ்சு ஜூஸில் கலக்கிக் கொடுப்பேன். மற்ற மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டினேன். டெல்லிக் குளிரிலும் கம்பளி உடம்பில் படக்கூடாது என்பதால் பருத்தித் துணிகளையே அடுக்கடுக்காகப் போட்டுவிட்டேன்.

"மண்ணைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்குடி," என்பாள். ஆனால் பத்தே நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. பத்தே நாள். ரெண்டு வருஷம் அவளைச் சொறியவிட்டிருந்தோம்.

மகள் கல்யாணத்தில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். ஈரல் மட்டும் தேறவில்லை. நாலு வருஷம் கழித்து, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தாள்.

மிச்சமிருந்த பொடியை அந்த டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வார்டில் வேறொரு பெண் முழங்கையைச் சொறிந்தபடி படுத்திருந்தாள். கட்டிலருகே ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.